மூன்றாம் பக்கத்தில் அப்பா

தவளக்குப்பம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அபி,

உன் காரைக்கால் விலாசத்தை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. ஆபீஸ் ரூமில் உன் டி.சி. ஃபாரம் மேஜை மேல் கிடந்தது. கிளார்க் அந்தப் பக்கம் திரும்பியபோது உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது வேர்வையில் பின்கோடு அழிந்துவிட்டது. அதை மட்டும் தபால் ஆபீசில் கேட்டேன்.

உன் அம்மா நம்பருக்குப் பதினோரு தடவை போட்டேன். முதல் நாள் மணி அடித்தது. அப்புறம் அடிக்கவே இல்லை. அதனால்தான் கடிதம். எனக்குக் கடிதம் எழுதித் தெரியாது. லீவ் லெட்டர்தான் எழுதியிருக்கிறேன்.

நீ பொங்கல் லீவு முடிந்து வருவாய் என்று இருந்தேன். உன் இடத்தில் பையை வைத்து யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அட்டெண்டன்ஸில் உன் பெயரைக் கூப்பிடவில்லை. 'அபி பி.' என்று வரவேண்டிய இடத்தில் மிஸ் நிற்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அமுதவல்லி மிஸ் இங்கிலீஷில் இப்போது 'பாயின்ட் ஆஃப் வியூ' நடத்துகிறார்கள். கதையை யார் சொல்கிறார்கள், யாருடைய கண் வழியாக நாம் பார்க்கிறோம் என்பது. 'ஃபர்ஸ்ட் பெர்சன்' என்றால் 'நான்' என்று சொல்வது. 'தேர்ட் பெர்சன்' என்றால் தள்ளி நின்று 'அவள்' என்று சொல்வது. போன டெர்மில் போர்டில் எழுதிய ஆறு வார்த்தை நினைவிருக்கிறதா? செட்டிங், கேரக்டர், பிளாட், கான்ஃபிளிக்ட், கிளைமாக்ஸ், ஐரனி. கிளைமாக்ஸ் மட்டும் எல்லாருக்கும் முன்பே தெரியும் என்று மொத்த கிளாஸும் சிரித்தது. ஐரனி என்றால் நினைத்ததற்கு நேர்மாறாக நடப்பது என்று மிஸ் சொல்வதற்கு முன்பே நீ, "இஸ்திரிப் பொட்டிக்கு இன்னாடி கதையில வேல?" என்றாய்.

கதையைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் வேறு எதற்காக எழுதுகிறேன்? ஸ்கூல் மேகசினில் வந்த என் கதையால்தான் நீ போனாய் என்று உங்கள் தெருக் கவிநிலா சொன்னாள். அபி, நான் பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். உன் அப்பா ஐப்பசியில் கடலுக்குப் போய்த் திரும்பாததை நான் எழுதாவிட்டாலும் ஊருக்கே தெரியும். எதற்குக் கோபம் என்று நீயே சொன்னால் மன்னிப்புக் கேட்க எனக்கு வசதியாக இருக்கும்.

பதில் போடு.

உன்,
சரிதா

*

தவளக்குப்பம்
17 பிப்ரவரி 2025

அபி,

பதில் வரவில்லை. விலாசம் தவறோ என்று இரண்டு நாள் நினைத்தேன். தவறாக இருந்தால் கடிதம் திரும்பி வந்திருக்கும்.

போன கடிதத்தின் கடைசி வரி எனக்கே பிடிக்கவில்லை. அதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

மதியம் பாதாம் மரத்தடியில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மற்ற பெண்கள் விரட்டவில்லை. ஆனால் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "பார்த்துப் பேசு, கதையா எழுதிடுவா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

வீட்டில் சொல்ல முடியவில்லை. என் கதை அச்சில் வந்த மேகசினை அப்பா சேதராப்பட்டு கம்பெனிக்கே எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. 'சரிதா ஜா.' என்று போட்டிருக்கும் இடத்தை மட்டும் விரலால் காட்டுவாராம்.

திட்டியாவது எழுது.

சரிதா

*

காரைக்கால்
24 பிப்ரவரி 2025

சரிதா,

திட்டச் சொன்னாய். திட்ட மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன். நீ மாற்றி எழுதியவளாயிற்றே, மாற்றாமல் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்.

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை. மறுநாள் ஆறு வார்த்தைக்கும் டெஸ்ட். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அப்பா வலையைக் கட்டிவிட்டு வந்ததும் அவர் ஃபோனை வாங்கினேன். மிஸ் அனுப்பிய வீடியோவை ஆறு மணியிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தது. அலமாரியில் வைத்தேன். சார்ஜரில் போட மறந்தேன்.

விடிவதற்கு முன் அப்பா அதை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். காற்று மாறுகிறது, யாரும் போக வேண்டாம் என்று ஐந்து மணிக்குத் தெருவில் மைக்கில் சொன்னார்கள். அம்மா அப்பாவுக்கு ஃபோன் போட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஏன் அணைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

படகில் மூன்று பேர். இரண்டு பேரை மறுநாள் மீட்டார்கள். அப்பா கிடைக்கவில்லை.

ஃபோன் விஷயத்தை நான் உலகத்தில் ஒருத்தியிடம் சொன்னேன். உன்னிடம். பஸ் ஸ்டாப்பில் நின்று சொன்னேன். நீ அழுதாய். என்னைவிட அதிகமாக அழுதாய். அதனால்தான் நம்பினேன்.

உன் கதைக்கு என்ன பெயர் வைத்தாய்? 'ஸ்விட்ச்டு ஆஃப்.'

கவிநிலா மேகசினை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார்கள். "அபியோட ஃபிரெண்டு எழுதிருக்கு, கேளு பெரிம்மா" என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மேல் தப்பில்லை. ஃபோனை அணையவிட்ட பெண் வரும் இடத்தில் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் பக்கத்தில் நீ அப்பாவைக் கொன்றாய். அதையும் அவள் படித்தாள்.

எங்கள் வீட்டில் அப்பா இறந்தார் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. காணோம் என்றுதான் சொல்வோம். அம்மா இன்னும் பொட்டு வைக்கிறார்கள். தாலி இருக்கிறது. பக்கத்து மாநிலப் படகு எதுவாவது ஏற்றிப் போயிருக்கும் என்று நம்பினார்கள். மறுநாள் தெருவில் ஒருத்தி கேட்டாள். "பொண்ணே கதையா எழுதச் சொல்லிக் குடுத்துருக்கு, நீ ஏன் இன்னும் பொட்டோட நிக்கிற?"

அன்றைக்கு மூட்டை கட்டி இங்கே பெரியம்மா வீட்டுக்கு வந்தோம். அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறார்கள். பேசவில்லை.

நான் ஃபோனைத் தொடுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதமும்.

இஸ்திரிப் பெட்டி இல்லை, ஐரனி என்றால் என்ன என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

அபி

*

தவளக்குப்பம்
2 மார்ச் 2025

அபி,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. ஆறு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். ஒவ்வொன்றும் 'நான் வேண்டுமென்று செய்யவில்லை' என்றே ஆரம்பித்தது. ஆனால் அது உண்மை இல்லை. வேண்டுமென்றுதான் செய்தேன்.

மிஸ் கதை எழுதி வரச் சொன்னபோது என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா கம்பெனி பஸ்ஸில் போவார், வருவார். அம்மா மல்லாட்டைக் காட்டுக்கு, கடலைச் செடிக்குக் களை எடுக்கப் போவார்கள். முதலில் தொலைந்துபோன ஒரு நாய்க்குட்டியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். மிஸ், "கான்ஃபிளிக்ட் எங்க இருக்கு சரிதா? உங்கிட்ட லாங்குவேஜ் இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல" என்றார்கள். சாயங்காலம் பஸ்ஸில் முருங்கப்பாக்கம் தாண்டும்போது நீ சொன்னது ஞாபகம் வந்தது. 'இது இருக்கிறதே' என்று நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது அபி. இதை உன்னிடம் மறைத்தால் இனிமேல் எதுவும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டாவது டிராஃப்டில்தான் அப்பா இறக்கிறார். முதலில் அவர் திரும்பி வருகிற மாதிரிதான் எழுதியிருந்தேன். முடிவு பலமாக இல்லை என்று மிஸ் குறித்திருந்தார்கள். மாற்றினேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'பியூட்டிஃபுல் ஐரனி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பேப்பரைப் பல நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கதையைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு மிஸ் அனுப்பியிருக்கிறார்கள். முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது. மார்ச் பதினைந்தாம் தேதி பீச் ரோடு பக்கம் ஒரு ஹாலில் நான் மேடையில் படிக்கவேண்டும்.

நான் படிக்க மாட்டேன்.

உன் அம்மாவுக்கு நான் கடிதம் போடட்டுமா? நீ ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் என் கற்பனை என்று எழுதட்டுமா?

சரிதா

*

காரைக்கால்
9 மார்ச் 2025

சரிதா,

வேண்டாம். இன்னொரு பொய் எதற்கு?

நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அச்சில் வந்தது வந்ததுதான்.

இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். யாரையும் தெரியாது. கிளாஸில் என்னைப் 'பாண்டிச்சேரி' என்று கூப்பிடுகிறார்கள். அதுதான் என் பெயர் என்று இருந்துவிடலாம் போலிருக்கிறது. வீட்டில் பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் பேசுகிறார்கள். நான் போனால் அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறார்கள். ஒரே பாயில்தான் படுக்கிறோம். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். முதுகைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன். "அம்மா, ஃபோன் இருந்திருந்தா அப்பா வந்துருப்பாரா?" அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை மட்டும் நின்றது. அப்புறம் போட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் போதும். ஆமாம் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை.

அபி

*

தவளக்குப்பம்
23 மார்ச் 2025

அபி,

மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். உன் ரகசியத்தைத்தான் எழுதினேன் என்று சொன்னேன். மிஸ், "எழுதுறவங்க எல்லாரும் எங்கிருந்தாவது எடுக்கத்தான் செய்றாங்க சரிதா. லைஃப் வேற, ஸ்டோரி வேற" என்றார்கள். "எடுக்கிறதுக்கு முன்னாடி கேக்கணுமா மிஸ்?" என்றேன். மிஸ் கம்ப்யூட்டரைத் திறந்து, கதையை வாபஸ் வாங்குவதாக என் எதிரிலேயே மெயில் அடித்தார்கள். நான் வாசல்வரை போனதும் கூப்பிட்டு, "நானும் உன்னக் கேட்டிருக்கணும்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் அப்பா முகம் விழுந்துவிட்டது. ஏன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி உன் கதையைத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

மார்ச் பதினைந்தாம் தேதி அந்த ஹாலுக்குப் போகவேண்டிய நேரத்தில் மரப்பாலம் ஸ்டாப்பில் இறங்கித் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு நடந்தேன். என்னோடு இவ்வளவு நாள் படித்த உன் ஊர் அது, நான் அதுவரை ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. துறைமுகத்தைப் பக்கம் பக்கமாக 'செட்டிங்' என்று எழுதியவள். ஏலம் போய்க்கொண்டிருந்தது. யூனிஃபார்மில் நின்ற என்னை எல்லாரும் விநோதமாகப் பார்த்தார்கள். நான் எழுதியதில் இருந்த எதுவும் அங்கே இல்லை. நீல அலை, தங்க மணல் என்று எழுதியிருந்தேன். அங்கே சேறும் டீசல் வாடையும் ஐஸ் தண்ணீரும்தான் இருந்தன.

உன் அப்பாவோடு போய்த் திரும்பி வந்த வடிவேலைத் தேடினேன். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. கால் சரியில்லை. ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிறார். நான் யார் என்று சொன்னேன். கதையைப் பற்றியும் சொன்னேன். அவர் ஐஸ் உடைக்கும் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா கேக்கணும்?" என்றார்.

நீ கேட்டதைத்தான் கேட்டேன்.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். பஸ்ஸில் ஏறியதும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"ஃபோனா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அஞ்சு மணிக்கெல்லாம் டவர தாண்டிட்டோம். எங்கிட்ட ஒரு ஃபோன் இருந்துச்சு, ஃபுல் சார்ஜு. எம் பொண்டாட்டியும் அந்த நேரத்துக்குத்தான் அடிச்சிருக்கா. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துருக்கு. வேணும்னா அவளக் கேளு. அபி அப்பா பஞ்சநாதன் ஃபோனு உசுரோட இருந்தாலும் அதேதான் வந்துருக்கும். ஏறும்போதே கேட்டேன், ஃபோன எடுத்தியாடான்னு. செத்துக் கெடக்குது, பொண்ணு பாடம் பார்த்துச்சு, இருக்கட்டும்னான். அணைஞ்சு கெடந்தத அப்படியே கவர்ல சுத்தி மடியில வச்சிக்கினான்."

அபி, உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே 'இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கிறார்.

இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு.

சரிதா

*

காரைக்கால்
30 மார்ச் 2025

சரிதா,

உன் கடிதத்தைப் பெரியம்மா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். 'இருக்கட்டும்னான்' என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். அப்பா அப்படித்தான் சொல்வார். எதற்கெடுத்தாலும் இருக்கட்டும் என்பார்.

அப்புறம் ஒரு பயம் வந்தது. இதுவும் நீ எழுதியதுதானே?

நீ எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, அப்பாவோடு பேசியதும் இல்லை. ஆனால் அவர் எப்படிப் பேசுவார் என்று உனக்குச் சொன்னதே நான்தான். எதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் உனக்குத் தெரியும். 'அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் போதும்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் பதில் வந்துவிட்டது. முடிவு பலமாக இருக்கிறது. மிஸ் பார்த்தால் டிக் போடுவார்கள்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். உன்னை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் தூங்கவும் முடியவில்லை. நீ என்னை இப்படிச் செய்துவிட்டாய்.

அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. இனிமேல் உன் எழுத்தில் எதையும் அம்மா காதில் போட மாட்டேன்.

அபி

*

தவளக்குப்பம்
6 ஏப்ரல் 2025

அபி,

நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுபடி துறைமுகத்துக்குப் போனேன். வடிவேலிடம், "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே போய்ச் சொல்லணும்" என்றேன். அவர் ஐஸ் மேல் சாக்கைப் போட்டு மூடினார். பிறகு சொன்னார். உன் அம்மாவிடம் அவர் சொல்லவேண்டியது இன்னொன்றும் இருக்கிறதாம். அதைச் சொல்ல முடியாமல்தான் நீங்கள் இங்கே இருந்தபோதே உங்கள் தெருப் பக்கம் வராமல் சுற்றிப் போனாராம். அது என்ன என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அதை நான் உனக்கு எழுத மாட்டேன். அது என்னுடையது இல்லை. அவர் வந்து சொல்லட்டும். அது உங்களுக்கு நல்ல செய்தி இல்லை என்பதை மட்டும் மறைக்க விரும்பவில்லை. அவரைக் கிளப்பிவிட்டது நான்தான். வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு, போய்த் தடுத்துவிடுகிறேன். ஒன்றும் வராவிட்டால் இருபதாம் தேதிக்கு மேல் மனைவியோடு வருவார்.

பரீட்சை முடிந்துவிட்டது. லீவில் வீடு ரொம்பப் பெரியதாக இருக்கிறது. கூப்பிட்டுப் பேச ஒருத்தரும் இல்லை. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

சரிதா

*

காரைக்கால்
28 ஏப்ரல் 2025

சரிதாவுக்கு,

நான் கார்டு போடவில்லை. இரண்டு தடவை வாங்கினேன். இரண்டையும் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

முந்தாநாள் மதியம் வடிவேல் மாமா வந்தார். கூட அவர் மனைவி. மாமா காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அம்மா அவரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

நீ வந்து கேட்டதைச் சொல்லிவிட்டு, முதலில் ஃபோன் விஷயத்தைச் சொன்னார். நீ எழுதியிருந்தபடியேதான். கொஞ்சம்கூட நீ மாற்றவில்லை. 'இருக்கட்டும்னான்' என்பதையும் அப்படியே சொன்னார். அவர் மனைவி, "ஆமாங்க்கா, நான் அடிச்சப்ப எல்லைக்கு வெளியேன்னுதான் வந்துச்சு" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பிறகு அம்மாவே கேட்டார்கள். "கடைசியா யாரு பார்த்தது?"

மாமா அழ ஆரம்பித்துவிட்டார். படகு கவிழ்ந்ததும் அவரும் அப்பாவும் ஒரே டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம். பொழுது சாயும்வரை அப்பா பேசிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் பேச்சுக் குறைந்ததாம். ஒரு அலை வந்து போனதும் பக்கத்தில் கை இல்லையாம். கொஞ்சம் தள்ளிச் சட்டை தெரிந்ததாம். முகம் தண்ணீருக்குள் இருந்ததாம். நீந்திப் போய்த் தொட்டும் பார்த்தாராம். அசைவு இல்லையாம். இவருக்குக் கால் வரவில்லை, பிடித்துவைக்க முடியவில்லை. இருட்டில் விலகிப் போய்விட்டது. கரைக்கு வந்ததும், நான் எதையும் பார்க்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "உன் மூஞ்சப் பார்த்து எப்படி அண்ணி சொல்லுவேன், உட்டுட்டு வந்தேன்னு" என்றார்.

அம்மா அழவில்லை. "இன்னா சட்ட?" என்று கேட்டார்கள். "நீலக் கட்டம்" என்றார். "ம்" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில்ல வந்துருக்கீங்க, சாப்ட்டுப் போங்க" என்று எழுந்து இலை போட்டார்கள். மாமா பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட முடியவில்லை.

அவர்கள் போனபிறகு நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சீப்பும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு மேல் படியில் உட்கார்ந்தார்கள். "இன்னா தல இது, வா" என்றார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. சிக்கெடுக்கும்போது வலித்தது. நான் அசையவில்லை.

பின்னிக்கொண்டே சொன்னார்கள். "ஃபோனுக்குன்னு நெனச்சிக்கினியா? உங்கப்பன் எத்தினி நாளு ஃபோன ஊட்டுலயே வச்சிட்டுப் போயிருக்கு. அதுக்கு இல்லடி. அன்னைக்கி நான் பைத்தியம் மாதிரி போட்டுக்கினே இருக்கேன், பக்கத்துல நிக்கிற, சொல்லல. அப்புறமும் எத்தினி நாளு எங்கூடப் படுத்த. எங்கிட்ட சொல்லல. அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொன்னியே. நான் யாருடி உனக்கு?"

சரிதா, நான் உன் மேல் கோபப்பட்ட அளவுக்கு இதைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அம்மா தாங்க மாட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையில் நான்தான் தாங்கமாட்டேன் என்று பயந்தேன். அம்மா மடியில் முகத்தை வைத்து அழுதேன். அம்மாவும் அப்போதுதான் அழுதார்கள். கீழே பெரியம்மா வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்கள்.

அம்மா நேற்று காலையில் பொட்டு வைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே வைக்கவில்லை. என்னால் அந்த நெற்றியைப் பார்க்க முடியவில்லை. நீ மூன்றாம் பக்கத்தில் எழுதியது உண்மையாகிவிட்டது. உனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. என்னால் அதைப் பற்றிப் பேச முடியவில்லை.

நாங்கள் பாண்டிச்சேரிக்குத் திரும்ப மாட்டோம். பெரியப்பா இங்கேயே வீடு பார்க்கிறார். பிளஸ் டூவை இங்கேதான் படிப்பேன். என் இடத்தில் பை வைக்காதே, யாராவது உட்காரட்டும்.

மே நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடற்கரையில் அப்பாவுக்குக் காரியம். அம்மா உன்னை வரச் சொல்கிறார்கள். "எழுதுனது அதுதான், போய்க் கேட்டதும் அதுதான். வரச் சொல்லு" என்றார்கள். நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. ஆனால் அப்பாவைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை. இங்கே இருப்பவர்கள் யாரும் என்னோடு பஸ் ஸ்டாப்பில் நின்றதில்லை.

விடியற்காலை பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். மாரியம்மன் கோயில் தெருவில் பச்சைக் கேட் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். கதவைத் திறப்பது நானாக இருந்தால் ஒன்றும் பேசாதே. உள்ளே வந்து சாப்பிடு.

அபி